ஊர் கூடி உடல்நலம் காப்பது: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குந்தா என்று எந்தப் பக்கம் போனாலும், பாடியோ (ஆதிவாசிக் குடியிருப்பு) ஹட்டியோ (படுகர் ஊர்) லயனோ (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) எங்கே உட்கார்ந்து பேசினாலும், உடல்நலம் பற்றிச் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இவை. எழுதுபவர் மருத்துவர் அல்ல. ஊர்க் கூட்டங்களில் உட்கார்ந்தும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றும் பஞ்சாயத்து அலுவலகத்தில் மனு கொடுத்தும் பழகியவர். எந்தப் பிரச்சினையை முதலில் எடுப்பது என்பதை அந்த ஊரே முடிவு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த உறுதியில் இருந்து வருபவைதான்.

ஊர் கூடி உடல்நலம் பார்ப்பது என்றால் மருத்துவ முகாம் நடத்துவதா?

இல்லை. முகாம் ஒரு நாள் வேலை. காலையில் வேன் மலையேறி வரும், பி.பி., சுகர் பார்ப்பார்கள், சத்து மாத்திரை கொடுப்பார்கள், மாலையில் வேன் இறங்கிவிடும். முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதமும் அதே பாட்டிக்கு அதே மயக்கம் வருகிறதே, ஏன் என்று கேட்க அந்த வேனில் யாரும் இருப்பதில்லை.

இந்த ஊரில் எந்த நோய் அதிகம், யாருக்கு அதிகம், எதனால் வருகிறது, முதலில் எதைச் சரிசெய்வது என்பதை ஊர்க்காரர்களே பேசி முடிவெடுத்து, அதற்குத் தேவையான மருத்துவரையும் நர்சையும் பஞ்சாயத்தையும் தாங்களே கூப்பிடுவதுதான் இங்கே நாம் பேசுவது. புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1978-இல் அல்மா ஆட்டா நகரில் நடந்த உலக மாநாட்டின் பிரகடனமே, தங்கள் சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் செயல்படுத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமையும் கடமையும் என்று சொல்லிவிட்டது.

கேட்க நன்றாக இருக்கிறது. நம் மலையில் எங்காவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. கூடலூரைப் பாருங்கள்.

1980-களின் நடுவில் கூடலூர், பந்தலூர் பக்கத்து ஆதிவாசிகளின் நிலை மிக மோசம். பணியர்களில் பலர் கொத்தடிமை வேலையில் இருந்து வந்தவர்கள். குழந்தைகள் வயிற்றுப்போக்கிலும், தாய்மார்கள் பிரசவத்திலும் இறந்துகொண்டிருந்தார்கள். இத்தனைக்கும் டவுனில் ஆஸ்பத்திரி இருந்தது. ஆனால் அங்கே போனால் ஓரமாக நிற்கவேண்டும், பேசுகிற மொழி புரியாது, யாராவது அதட்டுவார்கள். அதனால் போகவே மாட்டார்கள்.

அந்தச் சமயத்தில் அக்கார்டு என்ற அமைப்பு அங்கே வேலை தொடங்கியது. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் ஆகிய ஐந்து சமூகங்களும் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டார்கள். சங்கம் முதலில் கையில் எடுத்தது நில உரிமையை. சுகாதாரம் அதன் பின்னால்தான் வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்: நிலத்துக்காகச் சேர்ந்து நின்று பழகியவர்கள்தான் பிறகு உடம்புக்காகவும் சேர்ந்து நின்றார்கள்.

சுகாதார வேலையும் கட்டடம் கட்டுவதில் தொடங்கவில்லை. ஊர்களில் இருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்து, தடுப்பூசி, கர்ப்பிணி கவனிப்பு, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் என்று பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். நோயாளியை அனுப்ப நமக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற தேவை எழுந்த பிறகுதான், 1990-இல் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை வந்தது. அதை நடத்துவது அஷ்வினி என்ற அமைப்பு. ஆதிவாசிப் பெண்களுக்கே நர்ஸ் பயிற்சி கொடுத்தார்கள். 1992-இல் சங்க உறுப்பினர்களுக்குக் குழு மருத்துவக் காப்பீடும் கொண்டுவந்தார்கள். ஏழைகளுக்கான காப்பீடு பற்றி நாடு முழுக்கப் பேச்சு எழுவதற்கு வெகு காலம் முன்பே நடந்தது இது.

உள்ளே போனால் தன் மொழி பேசுகிற நர்ஸ், தன் சொந்தக்காரப் பெண்ணாகவே இருப்பாள். மருந்தின் அளவுக்கு அதுவும் முக்கியம் என்று நினைக்கிறேன். பிரசவத்துக்குத் தனியாக வந்து, சுற்றிலும் தெரியாத முகங்களைப் பார்த்துப் பயந்து நிற்கும் பெண்ணை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கோத்தகிரிப் பக்கம் இன்னும் பழையது: மருத்துவர் எஸ். நரசிம்மன் தொடங்கிய நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கம் 1958-இல் இருந்து இயங்குகிறது.

எங்கள் ஊரில் ஆயிரம் பிரச்சினை. எதிலிருந்து தொடங்குவது?

ஊர் எதைச் சொல்கிறதோ அதிலிருந்து. ஆனால் முதல் கூட்டத்தில் கேட்டால் எல்லாரும் "ரோடு" என்றுதான் சொல்வார்கள். ரோடு வேண்டியதுதான். அதற்கு அடியில் இருப்பது பேச்சில் மெல்ல மெல்லத்தான் மேலே வரும்.

ஒரு வழி சொல்கிறேன். சாணம் மெழுகிய வாசலிலோ சமுதாயக் கூடத்துத் தரையிலோ கோலமாவால் ஊரின் படத்தைப் போடுங்கள். ரோடு, ஓடை, ஊற்று, தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, அங்கன்வாடி, பஸ் நிற்கும் இடம் எல்லாம் வரட்டும். பிறகு பெண்களைக் கையில் கொஞ்சம் தேயிலையும் கூழாங்கல்லும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் தூக்கி நடக்கிற பாதையில் இலை. போன மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்த வீடுகளில் கல். யானை வரும் வழியில் ஒரு குச்சி. கொஞ்ச நேரத்தில் கல்லெல்லாம் ஒரே தொட்டியைச் சுற்றிக் கிடப்பது கண்ணில் படும். "இந்தத் தொட்டிக்கு மூடியே கிடையாதே" என்று ஒரு அக்கா சொல்வார். படிக்காதவர்களும் படித்தவர்களும் ஒரே அளவுக்குப் பேசும் கூட்டம் இதுபோல வேறு இல்லை.

ஓர் எச்சரிக்கை. காசநோய், மனநோய், சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோய் போன்றவற்றை இந்தப் படத்தில் காட்டவே கூடாது. யாருக்கு என்ன என்று ஊருக்கே தெரிந்துவிட்டால் பெண் கொடுக்க மாட்டார்கள், வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அவையெல்லாம் நர்சிடம் தனியாகப் பேசவேண்டியவை.

தேயிலைத் தோட்டப் பக்கம் இப்படி உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் வெளியே வருவது நீர்க்கடுப்பு. காலையில் இடுப்பில் படங்குத் துணி கட்டிக்கொண்டு தேயிலைக் காட்டுக்குள் இறங்கினால், இலை எடை போடும் வரைக்கும் ஒதுங்க இடம் கிடையாது. மேஸ்திரி நிற்பார், ஆண்கள் மருந்தடித்துக்கொண்டிருப்பார்கள், புதருக்குப் பின்னால் போனால் அட்டையும் பன்றியும். அதனால் பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. வருடக்கணக்கில் அப்படி இருந்துவிட்டு, எரிச்சல் வந்தால் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். இந்த நோய்க்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கலாம். கழிப்பறை வராமல் தீராது. வேலை இடத்தில் குடிநீரும் கழிப்பறையும் கட்டாயம் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கும், நகல் ஒன்றைத் தொழிலாளர் துறைக்கும் கொடுப்பதுதான் இங்கே முதல் சிகிச்சை. ஆள் வைத்து இலை பறிக்கும் சிறு விவசாயிகளுக்கும் சொல்கிறேன்: நான்கு குச்சி, ஒரு தார்ப்பாய், ஒரு குழி. அதையாவது செய்துகொடுங்கள்.

கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லையே?

எங்கே, எப்போது போடுகிறீர்கள் என்று பார்க்கவேண்டும்.

நம் ஊர்கள் கலப்பான ஊர்கள். ஒரே வார்டுக்குள் படுகர் ஹட்டி இருக்கும், இலங்கையில் இருந்து தாயகம் திரும்பியவர்களின் லயன் இருக்கும், பணியர் பாடி இருக்கும், மலையாளம் பேசுகிறவர்களின் குடியிருப்பு இருக்கும். ஒரு சமூகத்தின் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் மற்றவர்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நாற்காலி போட்டால் சிலர் உட்காரவே மாட்டார்கள். பிறகு "அவங்களுக்கு அக்கறை இல்லை" என்று பேச்சு கிளம்பும். அப்படிப் பேசுவதைக் கேட்க எனக்கு மனம் பொறுக்காது. நாள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் வேலை பார்த்தவரை, அந்தத் தோட்டக்காரர் முன்னால் உட்காரவைத்து உன் குறையைச் சொல் என்றால் அவர் என்ன சொல்வார்?

அதனால் முதலில் தனித்தனியாக அவரவர் இடத்துக்குப் போய்ப் பேசுங்கள். பாடிக்குப் போனால் பாடியின் தலைவரான மூப்பனைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்காருங்கள். பெண்களிடம் பெண்களே பேசட்டும். பொதுக்கூட்டம் அதற்குப் பிறகு, அங்கன்வாடியிலோ பள்ளிக்கூடத்திலோ, எல்லாரும் தரையில் பாய் விரித்து உட்காரட்டும். நேரம் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்ச் சமையலைத் தொடங்குவதற்கு முன்னால் இருக்கவேண்டும். இருட்டினால் யானைக்குப் பயந்து யாரும் வெளியே வரமாட்டார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தேவாலா, பந்தலூர்ப் பக்கம் மழை விடாது. அந்த மாதங்களில் பெரிய கூட்டம் வைக்காமல் வீட்டு வாசல் பேச்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

குழுவில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கட்டும். சுய உதவிக் குழு இருந்தால் அதுவே நல்ல அடித்தளம்: கணக்கு எழுதவும் வாராவாரம் கூடவும் ஏற்கெனவே பழகியவர்கள்.

ஊற்றுத் தண்ணீர் சுத்தமானதுதானே? குளோரின் எதற்கு?

ஊற்று புறப்படும் இடத்தில் சுத்தமாக இருக்கலாம். மேலே தோட்டமும் மாட்டுக் கொட்டகையும் கழிப்பறைக் குழியும் வந்துவிட்ட பிறகு, முதல் மழையில் எல்லாம் இறங்கி ஊற்றுக்குத்தான் வருகிறது. ஊற்றைச் சுற்றி வேலி, மேல்பக்கம் மழைநீர் திரும்பிப் போக ஒரு வாய்க்கால், தொட்டிக்கு மூடி, மேலே மருந்தடிக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு. இந்த நான்கும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

குளோரின் மணம் பிடிக்கவில்லை என்று பலர் தொட்டிக்காரரைப் போடவிடாமல் தடுக்கிறார்கள். குழாயில் பிடிக்கும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அதைப் பார்க்கும் சிறிய சோதனைப் பெட்டி பஞ்சாயத்துகளில் இருக்கும்; ஊர்க்குழுவில் இரண்டு பேர் கற்றுக்கொண்டு வாரம் ஒருமுறை கடைசி வீட்டுக் குழாயில் பாருங்கள். முதல் வீட்டில் பார்த்துப் பயனில்லை.

அப்படியும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது, அங்கன்வாடியில் கேளுங்கள். குழந்தைக்குக் கண் குழிந்தாலோ, குடிக்க முடியாமல் சோர்ந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பெண்களுக்கு ரத்தம் குறைவு என்று எப்போதும் சொல்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லையே?

தேயிலை விளையும் ஊரில் இதற்கு ஒரு காரணம் டம்ளரிலேயே இருக்கிறது. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ குடித்தால், டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்கிறது, உடம்பில் சேரவிடாது. காலையில் வெறும் டீ, தோட்டத்தில் டீ, மதியம் சோற்றுக்கு மேல் ஒரு டீ என்று இருந்தால் மாத்திரை பெரும்பாலும் வீண். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையை எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ சாப்பிடுங்கள்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. மற்றப் பெண்களுக்கு 12. கர்ப்ப காலத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பிறகு 180 நாளும் மாத்திரை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போடுகிறார்கள் என்று நர்சுகள் வருத்தப்படுவது உண்மைதான். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயப்படுகிறார்கள். கறுப்பாகப் போவதில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று ஏற்கெனவே சாப்பிட்ட பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் நம்புவார்கள். ஊர்க்குழுவின் வேலை இங்கேதான் இருக்கிறது.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. ராகியும் சாமையும் காட்டுக்கீரையும் கிழங்கும் இந்த மலையின் சாப்பாடாக இருந்தவை. இப்போது ரேஷன் அரிசியும் ரசமும் ஆகிவிட்டது. எந்தக் கீரை எங்கே கிடைக்கும் என்று இருளர், குறும்பர் மூதாட்டிகளுக்கு இன்னும் தெரியும். அவர்களை முன்னால் நடக்கவிட்டு இளம்பெண்கள் பின்னால் ஒருநாள் போய்வரட்டும். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி கீரையும் நான்கு கோழியும், எந்தச் சத்துமாவு விளம்பரத்தையும்விட அதிகம் செய்யும்.

சிக்கிள் செல் என்கிறார்கள். அது தொற்றுமா? கல்யாணத்தை நிறுத்தவேண்டுமா?

தொற்றாது. பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வருவது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து, சிறு ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். கை கால் மூட்டில் உயிர் போகிற வலி, மூச்சுத்திணறல், அடிக்கடி காய்ச்சல், ரத்தசோகை எல்லாம் வரும். தென்னிந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் இங்கே ஒழுங்கான சிகிச்சை கிடைக்கத் தொடங்கியது. ரத்த மாதிரி கொடுத்த மக்களுக்கு இவ்வளவு காலம் அது ஒன்றும் திருப்பித் தரவில்லை என்று நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

கணவன், மனைவி இருவருமே நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒருவர் மட்டும் சுமப்பவராக இருந்து, மற்றவரிடம் அந்த மரபணுவே இல்லை என்றால் குழந்தைக்கு நோய் வராது. அதனால் கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் சோதித்துக்கொள்வது நல்லது. முடிவை அந்த இருவரும் எடுக்கட்டும். சுமப்பவர் நோயாளி அல்ல. இதைச் சொல்லிப் பெண்ணை ஒதுக்குவது பெரும் பாவம்.

நோய் உள்ளவர்கள் குளிரில் இருக்கக் கூடாது. நனைந்த துணியோடு இருக்கக் கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையை மருத்துவர் சொன்னபடி விடாமல் சாப்பிடவேண்டும். மழையிலும் பனியிலும் அவர்களைத் தோட்ட வேலைக்கு இழுக்காமல் இருப்பது ஊரின் பொறுப்பு. 2023 ஜூலையில் ஒன்றிய அரசும் இதற்கென்று தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. பழங்குடிப் பகுதிகளில் இலவசமாகச் சோதிக்கிறார்கள், கேட்டுப் பெறுங்கள்.

குளிருக்குக் கரி மூட்டிக்கொண்டு தூங்கலாமா?

கூடாது. கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டுக் கரியை வைத்தால் கார்பன் மோனாக்சைடு அறையில் நிரம்பும். மணம் கிடையாது, புகையும் தெரியாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். உறைபனி விழும் மாதங்களில் வெளியூரில் இருந்து வேலைக்கு வந்தவர்கள், சுற்றுலா வந்தவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் வாடகைக்கு இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களிடம் டிசம்பருக்கு முன்பே போய்ச் சொல்லுங்கள். யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இருமல் நிறையப் பேருக்கு இருக்கிறது. குளிர் என்று விட்டுவிடலாமா?

இரண்டு வாரத்துக்கு மேல் போனால் விடக்கூடாது. சளிப் பரிசோதனை, மருந்து எல்லாம் அரசில் இலவசம். காசநோய் என்று தெரிந்தால் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்குக்கு வரும் (2024 நவம்பருக்கு முன்பு ரூ.500). பழைய லயன் வீடுகளில் ஒரே அறை, சிறு ஜன்னல், உள்ளேயே விறகடுப்பு. ஒருவருக்கு வந்தால் வீடு முழுக்கப் பரவ வாய்ப்பு அதிகம். மருந்து தொடங்கிய பிறகு நோயாளியைத் தள்ளிவைக்காமல் மருந்தை விடாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம்.

எங்கள் ஊரின் பெரிய நோய் குடிதான். அதற்கு என்ன செய்வது?

பெண்கள் கூடினால் முதலில் வரும் பேச்சே இதுதான், கூட்டத்தில் ஆண்கள் இருந்தால் வராத பேச்சும் இதுதான். மதுக்கடையை மாற்றச் சொல்லிக் கிராம சபையில் தீர்மானம் போடலாம், போடவும் வேண்டும். ஆனால் குடிப்பவரைத் திட்டி, அடைத்துவைத்து நிறுத்த முயலாதீர்கள். பல வருடமாக நாள்தோறும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சம்பந்தமில்லாமல் பேசுவது எல்லாம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தவேண்டியது அது.

ஊரால் முடிந்தது வேறு. கூலி கொடுக்கும் நாளில் கூலியைப் பெண்ணின் கணக்கில் போடச் சொல்லலாம். மாலை நேரத்தில் பையன்களுக்குக் கைப்பந்து வலை கட்டித் தரலாம். குடியை விட்ட ஒருவரை மற்றவரோடு உட்கார்ந்து பேசவைக்கலாம். வீட்டில் அடிவாங்கும் பெண்ணுக்கு ஒரு ராத்திரி தங்க இடம் கொடுக்க இரண்டு வீடுகளை முன்கூட்டியே பேசிவைக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எந்த ஊரும் முதலில் செய்ய வேண்டும் என்பேன். மனம் உடைந்து தவறான எண்ணம் வருகிறவர்கள் 104 அல்லது 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

காட்டு வைத்தியம், பாட்டி வைத்தியத்தை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். மூலிகை தெரிந்தவர்களுக்கு இந்த மலையில் மரியாதை இருக்கிறது, அது இருக்கட்டும். சளி, சுளுக்கு, பிரசவித்தவளுக்கான பத்தியம் எல்லாம் அவர்கள் கையிலேயே இருக்கலாம். பாம்புக்கடி, நெஞ்சுவலி, வலிப்பு, பிரசவத்தில் ரத்தப்போக்கு, கைக்குழந்தைக் காய்ச்சல் ஆகியவற்றை ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் அனுப்பிவிடுவது என்று வைத்தியரையே பேசி ஒப்புக்கொள்ள வைக்கவேண்டும். "ஆஸ்பத்திரிக்குப் போ" என்று அவர் வாயால் வந்தால் ஊர் உடனே போகும்.

ராத்திரியில் யானை நிற்கும், ரோடு கிடையாது. பிரசவ வலி வந்தால்?

வலி வருவதற்கு முன்பே இறங்கிவிடுவதுதான் ஒரே நல்ல வழி. பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்பே வந்து தங்க அறை இருக்கிறது. கூட ஒருவர் தங்கலாமா, சாப்பாடு உண்டா என்று ஏழாம் மாதத்திலேயே நர்சிடம் கேட்டுவையுங்கள். பெண்கள் தங்க மறுப்பது பெரும்பாலும் வீட்டில் இருக்கும் மூத்த குழந்தைகளை நினைத்துத்தான். அந்தச் சில நாள் குழந்தைகளுக்குச் சோறு போட முறைவைத்துக்கொள்ளும் ஊரில் பிரசவம் பாதுகாப்பாக நடக்கிறது.

அவசரத்துக்கு 108 உண்டு. ஆனால் வண்டி எதுவரை வரும், அங்கே வரை யார் தூக்கி வருவது, எந்த ஜீப்காரர் ராத்திரி எழுந்து வருவார், வனத்துறையின் யானை விரட்டும் குழு எண் என்ன என்பதெல்லாம் ஒரு தாளில் எழுதி அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். சிக்னல் எந்தப் பாறைமேல் ஏறினால் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள்.

இதற்கெல்லாம் காசு?

நிறைய வேலைக்குக் காசே வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டியதற்கு வழி இருக்கிறது. தேசிய நலவாழ்வுத் திட்டத்தின்கீழ் கிராம சுகாதாரம், துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு என்று ஒன்று கிராமங்களில் இருக்கவேண்டும். அதற்கு ஆண்டுக்கு ரூ.10,000 வரை கட்டற்ற நிதி, அதாவது எதற்கு என்று குழுவே முடிவுசெய்து செலவிடும் நிதி, வரும். தொட்டிக்கு மூடி, அவசர வண்டி வாடகை போன்றவற்றுக்குத்தான் அது. உங்கள் ஊரில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள், போன வருடம் எதற்குச் செலவானது என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் காலத்திலும் கூட்டலாம். தீர்மானத்தை வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எண் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. கிராம ஊராட்சிகள் மொத்தமே 35. மக்களில் பாதிக்கு மேல் பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள்தான் வருகிறார்கள். தேயிலைக்காட்டு நடுவில் இருக்கும் பாடியும் லயனும்கூடக் காகிதத்தில் நகரம். அங்கே கிராம சபை கிடையாது. அதற்குப் பதில் 2022 விதிகளின்படி வார்டு குழுவும் ஏரியா சபையும் உண்டு. கவுன்சிலரிடம் கேட்டு நடத்தவைக்க வேண்டும்.

பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை: ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கிவையுங்கள்.

இதெல்லாம் அரசு செய்யவேண்டிய வேலை. நாம் ஏன் செய்யவேண்டும்?

சரியான கேள்வி. மருத்துவர், மருந்து, கட்டடம், சம்பளம் எல்லாம் அரசின் பொறுப்பு. அதை ஊர் தலையில் கட்டுவதை நானும் ஏற்கமாட்டேன். நல்லெண்ணத்தோடு வரும் ரிசார்ட்டோ நிறுவனமோ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வதையும் ஏற்கமாட்டேன். ஊர் செய்யும் வேலை கேட்பதும், பார்ப்பதும், துணை நிற்பதும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர் வீடு தேடி பி.பி., சுகர் மாத்திரை கொண்டுவருகிறார். எந்த வீட்டுத் தாத்தா மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அவருக்குச் சொல்ல ஊரில் ஆள் இருந்தால் அந்தத் திட்டம் ஓடும். இல்லாவிட்டால் பதிவேட்டில் மட்டும் ஓடும்.

பழனி மலையைப் பாருங்கள். கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் இருந்து பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை 2001-இல் வெளியே கொண்டுவந்தவர்கள் உள்ளூர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும்தான். அதே ஆண்டில் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் சேர்ந்து நின்று போராடி, 2016 மார்ச்சில் 591 பேருக்கு நிறுவனம் நிவாரணம் தர ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அதிகாரி யாராவது வந்து கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தால் இது நடந்திருக்காது.

பயன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாதா மாதம் வயிற்றுப்போக்கு எத்தனை வீட்டில், கர்ப்பிணிகளில் எத்தனை பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள், கடைசிக் குழாயில் குளோரின் அளவு, தடுப்பூசி தவறிய குழந்தைகள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர்களில் எத்தனை பேர் பரிசோதனைக்குப் போனார்கள். யார் பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். எண் மாறவில்லை என்றால் குழுவைத் திட்டாதீர்கள். எது தடுக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்களிடம் போய்க் கேளுங்கள். நோட்டை வைத்திருப்பவர் ஊரைவிட்டுப் போனால் வேலை நின்றுவிடாமல் இருக்க, இரண்டு பேருக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள். அதில் ஒருத்தி பத்தாவது படிக்கும் பெண்ணாக இருந்தால் நல்லது.